கடையிலிருந்து கூண்டு வரை: ஒரு நாள் கோழிக்குஞ்சை வாங்கவும் காப்பாற்றவும் முழுமையான வழிகாட்டி

முட்டையை உடைத்து வெளியே வருவதற்குச் சற்று முன், குஞ்சு மஞ்சள் கருவின் மிச்சத்தைத் தொப்புள் வழியாக வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. தாய்க்கோழி கடைசி முட்டை பொரியும் வரை அடையை விட்டு எழாது. அதுவரை முதலில் பொரித்த குஞ்சு பசியில் சாகாமல் இருக்க இயற்கை கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. இரண்டு நாள் தாங்கும், மிஞ்சினால் மூன்று நாள். குஞ்சு வியாபாரம் முழுவதும் இந்த இரண்டு மூன்று நாளை நம்பியே நடக்கிறது. பொரிப்பகத்தில் சில மணி நேரம், வண்டியில் ஓர் இரவு, கடையில் ஒரு பகல், சந்தையில் இன்னொரு பகல் என்று ஒவ்வொருவரும் அதிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறார்கள். மஞ்சள் கருவில் உணவு மட்டும் இல்லை, தாய் கொடுத்த நோய் எதிர்ப்புப் பொருள்களும் இருக்கின்றன. பட்டினியில் அது தீரத் தீரக் குஞ்சு எடை இழக்கிறது, குடல் வளர்ச்சி பின்தங்குகிறது.

அதனால் இனம், நிறம், விலை எல்லாவற்றுக்கும் முன்னால் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, “இது எப்போது பொரித்தது?” என்பதுதான். நாள் மட்டும் போதாது. காலையா மாலையா என்றும் கேளுங்கள்.

இந்த வழிகாட்டி வீட்டுக் கொல்லையிலோ தோட்டத்திலோ வளர்ப்பதற்காகத் தீவனக் கடை, குஞ்சுக் கடை, வாரச்சந்தை, மொபெட்டில் கூடை கட்டி வரும் வியாபாரி ஆகியோரிடம் சிறு எண்ணிக்கையில் குஞ்சு வாங்குகிறவர்களுக்கானது. அளவுகள் எல்லாம் 25 குஞ்சுக்குக் கணக்கிட்டவை. கடைக்காரர்களுக்கும் ஒரு பகுதி உண்டு; பாதிச் சாவை அவர்களால் மட்டுமே தடுக்க முடியும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியவை

ஒரே ஒரு குஞ்சு வாங்காதீர்கள். குஞ்சு கூட்டத்தின் சூட்டிலும் சத்தத்திலும் வாழும் பிராணி. தனியாக விட்டால் ஓயாமல் கத்தும், தின்னாது, குளிரில் ஒடுங்கும். குறைந்தது ஐந்தாறு வேண்டும். அத்தனைக்கு இடமில்லை என்றால், குஞ்சு வாங்கும் யோசனையையே தள்ளிவைப்பது நல்லது.

பாலினம் பிரிக்காத கூட்டத்தில் பாதிக்குப் பாதி சேவல் இருக்கும். நாலு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு சேவல் கூவத் தொடங்கும், ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும். அவற்றை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். நெருக்கமான தெருவில் இருப்பவர்கள் அக்கம்பக்கத்திலும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முன்பின் வளர்த்திராதவர்களுக்கு எங்கள் சிபாரிசு நான்கு வாரக் குஞ்சு. விலை கூடத்தான். ஆனால் சூடு கொடுக்க வேண்டிய காலம் முடிந்திருக்கும், முதல் இரண்டு தடுப்பு மருந்தும் போட்டிருப்பார்கள் (கேட்டு உறுதி செய்யுங்கள்). ஒரு நாள் குஞ்சின் மலிவு விலைக்குப் பின்னால் இருபத்தெட்டு நாள் கண்விழிப்பு இருக்கிறது.

பருவத்தைப் பொறுத்தவரை, தை தொடங்கிப் பங்குனி நடுப்பகுதி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசியில் அட்டைப்பெட்டிக்குள்ளேயே குஞ்சு வெந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரமும் மின்வெட்டும் சேர்ந்து வரும். அந்த மாதங்களில் வாங்கவே கூடாது என்றில்லை, ஏற்பாடு இரட்டிப்பாக வேண்டும்.

இனத்தைப் பற்றிச் சுருக்கமாக: புறக்கடைக்கு ஏற்றவை அசீல், சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டு வகைகளும், ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் வகைகள் போன்றவையும். வெளிர் மஞ்சள் குஞ்சைக் கூடையில் கொண்டுவந்து “பெட்டை, முட்டை போடும்” என்று சொன்னால் நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைகளுக்கு வேண்டாத வெள்ளை லேயர் இனச் சேவல் குஞ்சுகள், அல்லது கழித்துக்கட்டிய பிராய்லர் குஞ்சுகள். அவற்றையும் வளர்க்கலாம், அவையும் உயிர்தான். எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குங்கள்.

முந்தைய நாள்: இடம் தயாராக வேண்டும்

குஞ்சை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பல்பு தேடி ஓடுவதுதான் மிகச் சாதாரணமான தவறு. பொரித்த குஞ்சின் மேல் இருப்பது இறகு அல்ல, வெறும் பூமுடி. முதல் பத்துப் பதினைந்து நாள் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதனால் முடியாது. எனவே புரூடர், அதாவது குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் விளக்கு அடைப்பு, முந்தைய நாளே எரிந்து, தரையும் உமியும் சூடேறி இருக்க வேண்டும்.

13 அடி நீளம், ஒன்றரை அடி உயரமுள்ள தகரத் தகடோ கெட்டி அட்டையோ எடுத்து வட்டமாக வளைத்தால் நாலு அடி விட்டம் வரும். 25 குஞ்சுக்கு முதல் வாரம் இது தாராளம். சதுரப் பெட்டி வேண்டாம். குளிரிலோ பயத்திலோ குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் சாகும். வட்டத்தில் மூலை கிடையாது.

தரையில் இரண்டு அங்குல உயரத்துக்கு நெல் உமி பரப்புங்கள், ஒரு சாக்கு போதும். சலித்த தென்னை நார்க்கழிவும் நன்றாக ஈரம் உறிஞ்சும், சலிக்காவிட்டால் அதன் தூசி மூச்சுக்கு ஆகாது. கடலைத் தோல் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சணம் குஞ்சின் நுரையீரலில் போய் வளரும். உமியின் மேல் முதல் மூன்று நாள் பழைய சணல் சாக்கைத் துவைத்து உலர்த்தி விரியுங்கள். சாக்கு இல்லாமல் உமியிலேயே விட்டால், தீனி எது உமி எது என்று தெரியாமல் உமியைக் கொத்தி வயிறு அடைத்துக்கொள்ளும். எல்லாரும் செய்தித்தாள் விரிக்கிறார்கள். மடிப்பில்லாத வழுவழுப்பான தாளில் கால் சறுக்கி, இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து நிற்கும் ஊனம் வரும். தாள்தான் இருக்கிறது என்றால் நன்றாகக் கசக்கி விரித்துப் போட்டு, தினமும் மாற்றுங்கள்.

சூட்டுக்கு ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது கணக்கு. 25 குஞ்சுக்கு 50 வாட் வரும். ஒரே பல்பு போடாமல் 40 வாட் குண்டு பல்பு இரண்டு போடுங்கள், நள்ளிரவில் ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில், ஏற்றி இறக்கத் தோதாகச் சங்கிலியில் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பு வெளிச்சம் மட்டுமே தரும், சூடு தராது. 9 வாட் எல்இடியைக் கட்டிவிட்டு “லைட் எரிகிறதே, ஏன் செத்தது?” என்று கேட்பவர்கள் இன்று நிறையப் பேர். குண்டு பல்பு கிடைக்காத ஊரில் தீவனக் கடைகளில் விற்கும் அகச்சிவப்பு பல்பு வாங்கிக்கொள்ளலாம். அதன் சூடு அதிகம் என்பதால் ஒன்றரை அடிக்குக் கீழே இறக்க வேண்டாம்.

மின்சாரம் போகும் ஊர் என்றால் வாய் அகன்ற மண்சட்டியில் கரி நெருப்பு வைப்பது வழக்கம். வெளியே வைத்துப் புகை முழுதும் அடங்கிக் கனலான பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். குஞ்சு நெருங்காதபடி சுற்றிக் கம்பி வலை வைத்து, அறையின் சன்னலைத் திறந்தே வையுங்கள். மூடிய அறையில் கரி நெருப்பின் நச்சுக்காற்று குஞ்சை மட்டுமல்ல, அதே அறையில் தூங்கும் மனிதரையும் கொல்லும். வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி வைப்பது இரண்டு மூன்று மணி நேர மின்வெட்டுக்குப் போதும், ஆபத்தும் இல்லை.

எலி, பூனை, கீரி, பாம்பு நான்கையும் மனதில் வையுங்கள். எலி ஒரே இரவில் பாதிக் குஞ்சை இழுத்துப் போய்விடும். மேலே அரை அங்குலக் கண்ணுள்ள வலை மூடி, ஓரத்தில் கல் வைக்க வேண்டும். நைலான் வலையை எலி கடிக்கும், கம்பி வலைதான் சரி.

கடையில்: குஞ்சைப் பார்க்கும் முன் பெட்டியைப் பாருங்கள்

பொரிப்பகத்திலிருந்து வரும் பெட்டி பொதுவாக நான்கு அறை கொண்டது, அறைக்கு 25 என்று நூறு குஞ்சு. கடைக்குள் நுழைந்ததும் அந்தப் பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். தீவன மூட்டைக்கு அடியிலோ, வெயில் அடிக்கும் வாசலிலோ, தகரக் கூரைக்குக் கீழோ இருந்தால் வேறு கடைக்குப் போங்கள். பூச்சிமருந்து விற்கும் அதே அறையில் குஞ்சு வைத்திருந்தால் கட்டாயம் வாங்காதீர்கள். பறவையின் மூச்சுமண்டலம் நம்முடையதைவிட நுட்பமானது. நமக்கு வெறும் வாடையாகத் தெரிவது குஞ்சுக்கு விஷம்.

பெட்டியின் சத்தத்தைக் கேளுங்கள். மெல்லிய, விட்டுவிட்டு வரும் கீச்சொலி சுகமாக இருப்பதன் அடையாளம். கூர்மையாக இடைவிடாமல் கத்தினால் குளிர் அல்லது பசி. சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து சிறகை விரித்து மூச்சு வாங்கினால் வெப்பத்தில் வாடுகிறது. நூறு குஞ்சுப் பெட்டியில் மூன்றுக்கு மேல் செத்துக் கிடந்தால், உயிரோடு இருப்பவையும் அதே பயணத்தைத்தான் செய்திருக்கின்றன.

இனி கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை. முதலில் தொப்புள். வயிற்றின் அடியில், பூமுடியை ஊதி விலக்கினால் தெரியும். மூடி உலர்ந்திருக்க வேண்டும். ஈரமாக, சிவந்து, நூல் போல எதுவும் தொங்கி, நாற்றம் வந்தால் அது பொரிப்பகத்துச் சுத்தக்குறைவு. அந்தக் குஞ்சு ஒரு வாரம் தாண்டுவது அரிது. அடுத்து கால்கள்: பளபளப்பாக, பருமனாக இருந்தால் நீர்ச்சத்து இருக்கிறது. தோல் சுருங்கி நரம்பு எடுத்துத் தெரிந்தால் கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது. பிறகு குஞ்சை மெதுவாக மல்லாத்துங்கள். மூன்று விநாடிக்குள் புரண்டு எழ வேண்டும். கண் உருண்டையாகத் திறந்திருக்க வேண்டும், அலகு கோணலின்றி, விரல்கள் நேராக, பின்புறம் சுத்தமாக. எடை நாட்டுக்குஞ்சு 30 கிராமை ஒட்டியும், பெரிய இனங்கள் 35 முதல் 40 கிராம் வரையும் இருக்கும்.

வயதைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைச் சரிபார்க்கவும் வழி உண்டு. அலகின் நுனியில் முட்டையை உடைக்க உதவிய வெள்ளைப் புள்ளி போன்ற முளை இருந்தால் குஞ்சு புதிது. சில நாளில் அது உதிர்ந்துவிடும். சிறகில் இறகுகள் குழல் விட்டு விரிந்து, நீளமாகத் தெரிந்தால் அது “நேற்றுப் பொரித்தது” அல்ல.

கடைசியாக, கோழியை முடக்கிக் கொல்லும் மாரெக்ஸ் நோய்க்கான தடுப்பூசி பொரிப்பகத்திலேயே போட்டார்களா என்று கேளுங்கள். முதல் நாள் போடாவிட்டால் பிறகு போட்டுப் பயனில்லை. பொரிப்பகத்தின் பெயர், தேதியோடு பில் வாங்குங்கள். இவற்றைக் கேட்டால் எரிச்சல்படும் கடை நல்ல கடை அல்ல.

வீட்டுக்குக் கொண்டு போவது

25 குஞ்சுக்கு ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், அரையடி உயர அட்டைப்பெட்டி. பக்கங்களில் விரல் நுழையும் அளவில் எட்டுப் பத்துத் துளை. அடியில் சாக்குத்துணி. பெரிய பெட்டி நல்லது என்று நினைக்க வேண்டாம். வண்டி குலுங்கும்போது ஒரு பக்கமாகச் சரிந்து நசுங்கும். பிளாஸ்டிக் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போவதை இன்னும் பார்க்க முடிகிறது. அந்தப் பத்து நிமிடத்திலேயே உள்ளே காற்று தீர்ந்து, சூடு ஏறி, பாதி மயங்கிவிடும். பெட்டியை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்து, காற்று நேராக அடிக்காதபடி மெல்லிய துணி போடுங்கள். கார் என்றால் இருக்கையில் வையுங்கள். டிக்கியிலும், ஏசிக் காற்று அடிக்கும் முன்பக்கத்திலும் வேண்டாம். காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். வழியில் சொந்தக்காரர் வீட்டில் இறங்கிக் காப்பி குடிக்கும் வேலையை அன்று ஒத்திவையுங்கள்.

முதல் இருபத்து நாலு மணி நேரம்

தண்ணீர் முதலில், தீனி பிறகு. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் வெல்லம் அல்லது குளுக்கோஸ் கரைத்து வையுங்கள். சில்லென்ற தண்ணீர் வேண்டாம், அறைச் சூட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து, மூக்குத்துளை நனையாமல் அலகின் நுனியை மட்டும் ஒருமுறை தண்ணீரில் தொட்டு, விளக்கடியில் விடுங்கள். பொறுமையான வேலைதான், ஆனால் ஒன்றைக்கூடத் தவறவிடாதீர்கள். தண்ணீர் எங்கே என்று தெரியாத குஞ்சு கண்ணெதிரே தண்ணீர் இருந்தும் தாகத்தில் சாகும். வெல்லத் தண்ணீர் பன்னிரண்டு மணி நேரத்தோடு நிறுத்தப்பட வேண்டும். தொடர்ந்தால் கழிச்சல் வரும், புளித்துக் கிருமி வளரும்.

இரண்டு லிட்டர் கவிழ்ப்புக் குவளை இரண்டு வையுங்கள். விளிம்பில் தண்ணீர் அரை அங்குலத்துக்கு மேல் நிற்கக் கூடாது. தட்டில் வைப்பதாக இருந்தால் கூழாங்கல் நிரப்புங்கள், இல்லையென்றால் இறங்கி நனைந்து விறைத்துவிடும்.

குடித்து இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும் மக்காச்சோள ரவையைச் சாக்கின் மேல் தூவுங்கள். முதல் நாள் ரவை கொடுத்தால் பின்புறம் எச்சம் ஒட்டிக்கொள்ளும் தொல்லை குறைகிறது. இரண்டாம் நாள் முதல் குஞ்சுத் தீவனம். அரிசிக் குருணை மட்டும் போட்டு வளர்ப்பது இன்றும் நடக்கிறது. குருணையில் புரதம் போதாது, குஞ்சுக்கு 20 சதவீதம் புரதம் வேண்டும். அதனால்தான் அப்படி வளர்ந்தவை இறகு மெலிந்து கால் வலுவின்றி நிற்கின்றன. நான்கு வாரத்துக்கு 25 குஞ்சு 15 முதல் 18 கிலோ வரை தின்னும். கடையில் கிலோக் கணக்கில் வாங்கினால் மூட்டை பிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். முகர்ந்து பார்த்துப் பூஞ்சணம் வாடை இருந்தால் விட்டுவிடுங்கள்.

இரவு படுக்கும் முன் பத்துக் குஞ்சுகளின் தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே வலப்பக்கம் சிறு உருண்டையாக, மெத்தென்று இருக்க வேண்டும். காலியாக இருந்தால் தின்னவில்லை. கல்லுப் போல இருந்தால் தண்ணீர் குடிக்கவில்லை.

முதல் மூன்று நாள் இரவும் பகலும் வெளிச்சம் வேண்டும். ஆனால் தினமும் ஒரு மணி நேரம், வெப்பமான பகல் வேளையில், இருட்டாக்கிப் பழக்குங்கள். இருட்டையே அறியாத குஞ்சுகள் மின்வெட்டு வந்ததும் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

சூடு சரியா? குஞ்சே சொல்லும்

முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ், இரண்டாவது 32, மூன்றாவது 29, நான்காவது 26. தெர்மாமீட்டரைக் குஞ்சின் முதுகு உயரத்தில், அதாவது தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில், விளக்கு வட்டத்தின் ஓரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சுவரில் மாட்டியது எதையும் சொல்லாது.

தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. விளக்கடியில் குவிந்தால் குளிர், பல்பை இறக்குங்கள். தகட்டை ஒட்டி ஓரமாக விலகிப் படுத்தால் சூடு அதிகம், ஏற்றுங்கள். எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது, மறையுங்கள். பரவலாகச் சிதறி, சில தின்ன, சில கால் நீட்டித் தூங்கினால் சரி. சித்திரை வெயிலில் பகல் பதினோரு மணிக்கு மேல் பல்பே வேண்டியிருக்காது. கணக்கில் 35 என்று இருக்கிறதே என்று அப்போதும் எரியவிட்டால் குஞ்சு வெப்பத்தில் சாகும். அதே குஞ்சுக்கு விடியற்காலை நாலு மணிக்குச் சூடு தேவை. எழுந்து பார்க்க வேண்டிய நேரம் அதுதான்.

அடைக்கோழி இருந்தால்

பல்பைவிட, தெர்மாமீட்டரைவிடச் சிறந்த புரூடர் தாய்க்கோழி. வீட்டிலோ பக்கத்திலோ இரண்டு வாரத்துக்கு மேல் அடை கிடக்கும் நாட்டுக்கோழி இருந்தால், கடைக் குஞ்சை அதனிடம் சேர்க்கலாம். குஞ்சு இரண்டு நாளுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் அதுவும் தாயை ஏற்காது, தாயும் அதை ஏற்காது. முதலில் கோழியின் இறகுக்குள் பேன், செள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் குஞ்சின் ரத்தத்தை அவை குடித்துத் தீர்த்துவிடும்.

நன்றாக இருட்டிய பிறகு, விளக்கு இல்லாமல், கோழியின் அடியிலிருந்து இரண்டு முட்டையை எடுத்துவிட்டு இரண்டு குஞ்சை உள்ளங்கையில் மறைத்து வயிற்றுக்கடியில் விடுங்கள். கோழி மெல்லக் கொக்கரித்துச் சிறகைத் தாழ்த்தினால் ஏற்றுக்கொண்டது. அரை மணி பொறுத்து மற்றவற்றையும் விடலாம். சிறு உடம்புக்காரி பன்னிரண்டு குஞ்சுக்கு மேல் மூட முடியாது. விடியும்போது கட்டாயம் அருகில் இருங்கள், வெளிச்சத்தில் பார்த்துக் கொத்தும் கோழியும் உண்டு. கொத்தினால் உடனே எடுத்துவிடுங்கள், இரண்டாம் முறை முயல வேண்டாம்.

தடுப்பு மருந்து

வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் ராணிக்கெட் நோய்க்கு மருந்து கிடையாது, தடுப்பு மட்டுமே உண்டு. ஏழாம் நாள் எஃப்1 அல்லது லசோட்டா என்ற தடுப்பு மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. பதினான்காம் நாள் கம்போரோ நோய்க்கான தடுப்பு மருந்து. இருபத்தெட்டாம் நாள் மீண்டும் லசோட்டா, தண்ணீரில். ஆறாம் வாரம் அம்மைத் தடுப்பூசி, எட்டாம் வாரம் வெள்ளைக்கழிச்சல் ஊசி. உங்கள் பகுதி நோய் நிலவரத்துக்கு ஏற்பக் கால்நடை மருத்துவர் இதில் மாற்றம் சொல்லலாம்.

மருந்துக் குப்பியைக் கடையிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் வந்த மருந்து வெறும் தண்ணீர். கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். குப்பி நூறு குஞ்சு அளவில் வருவதால், தெருவில் வளர்க்கும் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போடுவது சிக்கனம், நோய் பரவாமலிருக்கவும் அதுவே வழி. தண்ணீரில் கொடுக்கும்போது குளோரின் இல்லாத தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, இரண்டு மணி நேரம் தாகமாக வைத்திருந்து கொடுங்கள். நோயுற்றுச் சோர்ந்த குஞ்சுக்குப் போட வேண்டாம். மஞ்சள், சீரகம், சின்ன வெங்காயம் தீனியில் அரைத்துக் கலப்பதில் தவறில்லை. அது தடுப்பு மருந்துக்கு மாற்று அல்ல.

எப்போது சாகிறது என்று பாருங்கள்

முதல் மூன்று நான்கு நாளில் செத்தால் காரணம் பெரும்பாலும் பொரிப்பகத்திலோ பயணத்திலோ கடையிலோ இருக்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகு செத்தால் நம் புரூடரில். 25-ல் ஒன்று போவது நல்ல பராமரிப்பிலும் நேரும். மூன்று போனால் தேதியோடு குறித்துக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அவர் கேட்டால்தான் பொரிப்பகம் கேட்கும்.

பின்புறம் எச்சம் காய்ந்து அடைத்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, உலர்த்தி விளக்கடியில் விடுங்கள். பிய்த்து இழுத்தால் தோலோடு வரும். அதைவிட மோசமான தவறு, தொப்புளில் காய்ந்திருக்கும் பொருக்கை எச்சம் என்று நினைத்துப் பிடுங்குவது. பின்புறம் வாலுக்குக் கீழே. தொப்புள் அதற்கு முன்னால், வயிற்றில்.

கால் இரண்டும் பக்கவாட்டில் சறுக்கினால் முதல் இரண்டு நாளுக்குள் கவனித்தால் சரியாகும். மெல்லிய பேண்டேஜை இரண்டு காலிலும் தளர்வாகச் சுற்றி, நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டு இணையுங்கள். நாலைந்து நாளில் நேராகிவிடும். மூன்றாம் வாரத்துக்கு மேல் எச்சத்தில் ரத்தம் கண்டால் ரத்தக்கழிச்சல், ஈர உமிதான் அதன் விளைநிலம். குவளைக்கு அடியிலுள்ள உமியை அன்றாடம் கிளறி, நனைந்ததை அள்ளி எறியுங்கள். மருத்துவர் சொல்லும் அளவில் ஆம்ப்ரோலியம் என்ற ரத்தக்கழிச்சல் மருந்தைத் தண்ணீரில் கொடுங்கள். ஒன்றையொன்று கொத்தினால் இடம் நெருக்கம் அல்லது வெளிச்சம் அதிகம். தகட்டை அகலப்படுத்தி, சிவப்பு பல்புக்கு மாறுங்கள். கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஒரே நாளில் பல சாய்ந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவியுங்கள். செத்ததைக் குப்பையில் வீசாதீர்கள். இரண்டடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

குஞ்சின் எச்சத்தில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குஞ்சைக் கன்னத்தில் வைத்துக் கொஞ்ச விடாதீர்கள், தொட்ட எல்லாரும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

சாயக் குஞ்சு

திருவிழாக் கடைகளிலும் பள்ளி வாசலிலும் பச்சை, ரோஸ், நீலம் என்று விற்பவை மேலே சொன்ன கழித்த குஞ்சுகள்தான். சாயத்தில் முக்கியோ தெளித்தோ காயவைக்கிறார்கள். நனைந்த பூமுடி உடல் சூட்டைத் தக்கவைக்காது, சாயம் கண்ணிலும் மூக்கிலும் போகிறது. பிறகு நாள் முழுவதும் வெயிலில் கூடை. பிள்ளை அழுகிறதே என்று இரக்கப்பட்டு இரண்டு வாங்குவதும் அடுத்த கூடைக்கு முன்பணம் கொடுப்பதுதான். வாங்காதீர்கள், ஏன் வாங்கவில்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள், குழந்தைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால், சாயத்தைக் கழுவ முயலவே கூடாது. இரண்டாம் முறை நனைவதுதான் அதைக் கொல்லும். மேலே சொன்ன சூடு, தண்ணீர், ரவை, அதே வரிசை. இறகு முளைக்க முளைக்கச் சாயம் தானே போய்விடும்.

1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் கோழிக்கும் பொருந்தும். 1950-களில் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த மசோதாதான் அந்தச் சட்டத்துக்கு வித்திட்டது. அதன் 11-ஆம் பிரிவு, தேவையற்ற வேதனை தரும்படி கொண்டுசெல்வதையும், போதிய உணவும் நீரும் நிழலும் தராமல் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. இடம், நேரம், படம் இவற்றோடு காவல் நிலையத்திலோ மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறை அலுவலகத்திலோ புகார் கொடுக்கலாம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான் என்பது வேதனையான உண்மை. ஆனால் புகார் வந்த இடத்தில் கூடை மறுநாள் உட்காருவதில்லை.

கடைக்காரர்களுக்கு

குஞ்சு வரும் நாளை முன்பே அறிவித்து, முன்பதிவுக்கு ஏற்ப இறக்குங்கள். மிச்சமாகும் குஞ்சுதான் சாகும் குஞ்சு. பெட்டிகளைச் சுவரை ஒட்டி அடுக்காமல், வரிசைகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும், குஞ்சுகளின் உடல் சூடே அதற்குப் போதும். வெளியே 38 டிகிரி இருக்கும் நாளில் விசிறி இல்லாமல் வைப்பது கொலை. வந்த நாள் மாலைக்குள் போகாததைப் பெட்டியில் இரவு வைக்காதீர்கள். கடையின் பின்னால் ஒரு தகட்டு வட்டம், பல்பு, தண்ணீர், ரவை வைக்க ஒரு நாள் விற்பனையின் லாபம் போதும். வெவ்வேறு பொரிப்பகக் குஞ்சுகளை ஒன்றாகக் கலக்காதீர்கள். பொரித்த தேதி, இனம், பாலினம் பிரித்ததா, மாரெக்ஸ் போட்டதா என்று நான்கு வரியைப் பலகையில் எழுதிவையுங்கள். ஐந்துக்குக் குறைவாக விற்க மறுங்கள். சூட்டு ஏற்பாடு இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் நான்கு வாரக் குஞ்சைக் காட்டுங்கள்.

நான்காம் வாரம்: வெளியே விடுதல்

இரண்டாம் வாரம் தகட்டு வட்டத்தை ஆறடியாக்கி, மூன்றாம் வாரம் பகலில் பல்பை நிறுத்திப் பாருங்கள். முதுகிலும் நெஞ்சிலும் இறகு மூடியிருந்தால் நான்காம் வார முடிவில் வெளியே விடலாம். முதல் நாள் காலைப் பனி காய்ந்த பிறகு ஒரு மணி நேரம், வலை மூடிய இடத்தில். காகமும் வல்லூறும் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் கூட்டலாம். பெரிய கோழிகள் இருந்தால் உடனே கலக்க வேண்டாம். நடுவில் வலை வைத்து ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்க விடுங்கள். இரவு அடைக்கும் கூண்டு தரையிலிருந்து இரண்டடி உயர்ந்து, அடித்தளமும் கம்பி வலையாக, எச்சம் கீழே விழும்படி இருக்கட்டும். குஞ்சுத் தீவனத்தை எட்டாம் வாரம் வரை நிறுத்தாதீர்கள். மேய்ச்சலும் கீரையும் அதோடு சேர்ந்துதான். அடைக்கும்போது ஒவ்வொரு மாலையும் எண்ணுங்கள்.